கனாசாவாவில் ஒரு சாவு

"யாரைச் சாகடிக்கப் போற?" என்று கேட்டாள் தொகாஷி.

கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த ஹிசாகோ சுற்றுமுற்றும் பார்த்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. மீன் வெட்டும் மேசையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"மெதுவாப் பேசுங்கக்கா. இன்னும் முடிவு பண்ணல."

"பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்ட. விடுதியில கட்டில் பிடிச்சுட்ட. ஆள மட்டும் முடிவு பண்ணலயாக்கும்."

ஹிசாகோவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஷியோகாமா துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கிழிக்கத் தொடங்கி முப்பத்து நாலு வருஷம். வெளியூர் என்று போனதெல்லாம் கொடி பிடித்தவன் பின்னால் வரிசையாக நடந்த கம்பெனிச் சுற்றுலாதான். இப்போது புருஷன் சூரைமீன் கப்பலில். முதல் தடவையாகத் தனியாக, மூன்று நாள், கனாசாவாவுக்கு. ராத்திரி பஸ்ஸில் படுத்தால் ஒரு நாள் வாடகை மிச்சம். விடுதியில் அடுக்குக் கட்டில், அதிலும் மேல்தட்டு. முதல் நாள் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே சோற்று உருண்டை.

எல்லாம் உடை மாற்றும் அறையில் மாட்டியிருந்த காலண்டரால் வந்தது. மேற்பார்வையாளர் நுமாதா ஜனவரியில் கொண்டுவந்து மாட்டியது. வருஷம் முழுக்க ஒரே படம். கனாசாவாவில் ஒரு பெரிய தோட்டம், கிழட்டுப் பைன் மரம். மரத்து நடுவில் ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பி மாதிரி கிளைக்குக் கிளை கயிறு இறங்கியிருந்தது, பனி பாரத்தில் ஒடியாமல் இருக்க. தொழிற்சாலைக்கு வருமுன் ஹிசாகோ வலை முடைந்தவள். அந்த முடிச்சை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பத்து மாதமாக வேறு நினைப்பில்லை.

"பேசாம ஊர் பாக்கப் போறேன்னு சொல்லிட்டா என்னக்கா?"

"சொல்லு. நாளைக்கே இருபத்திரண்டு பேரும் வழிச்செலவுக்குன்னு பணம் போட்ட உறை கொண்டாந்து கையில திணிப்பாங்க. வாங்கினா ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி தூக்கிட்டு வரணும். வாங்காம இருக்க முடியுமா? நீ போற செலவவிட அது ஜாஸ்தி."

"உடம்பு சரியில்லன்னா?"

"முலாம்பழம் வாங்கிட்டுப் பாக்க வருவாங்க. வீடு பூட்டியிருக்கும். அப்படியே நீ படுத்திருந்தாலும் பழத்துக்குப் பதில்முறை செய்யணும்."

"அப்ப சாவுதான்."

"சாவுதான். சாவுக்கு மட்டும்தான் நுமாதா வாயத் தொறக்க மாட்டார். வீட்டாளுங்க உறை வேண்டாம்னுட்டாங்கன்னு முதல்லயே சொல்லி வை. இப்ப பாதி வீட்டுல அப்படித்தான். அப்புறம், நெருங்கின சொந்தம் வேண்டாம். ஊர மாத்தாத. டிக்கெட் கீழ விழுந்தாலும் பொருந்தணும்."

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

"எங்கப்பாவுக்கு ஒரே ஒரு அண்ணன். இதுவரைக்கும் மூணு தடவ செத்துட்டார்."

ஹிசாகோவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நுமாதா லேசுப்பட்ட ஆளில்லை. நவம்பர் வேறு, மீன் கொழுத்து வரும் காலம். போன வாரம் ஒருத்தி மகனுடைய பள்ளி விழாவுக்கு அரை நாள் கேட்டதற்கு, "மீன் காத்திருக்குமா?" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பியவர். இருபத்தைந்து வருஷத்தில் அவரே லீவு போட்டது ஒரே ஒரு தடவைதான், போன நவம்பரில் சித்தப்பா இறந்தபோது. எல்லாரும் துக்க உறை கொடுத்தார்கள். அவரும் ஆளுக்கொரு டப்பா தேயிலை கொடுத்து முறையைக் குறைவில்லாமல் செய்தார். அப்படிப்பட்டவரிடம் போய் இல்லாத பிணத்தைக் காட்ட வேண்டும். பிடிபட்டால் டிக்கெட்டும் போச்சு, மானமும் போச்சு.

சாப்பிடாமலே அலுவலக அறைக்குப் போனாள். நுமாதா விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார்.

"யாரு?"

"எங்க மாமியாரோட ஒண்ணுவிட்ட அக்கா. தொண்ணூத்திரண்டு வயசு."

"எப்ப?"

"நேத்து. தகன மேடை காலியில்லயாம். அதான் வியாழக்கிழமை வரைக்கும் வச்சிருக்காங்க. வீட்டாளுங்க உறையெல்லாம் வேண்டாம்னுட்டாங்க."

கேட்காததற்கும் பதில் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குப் பட்டது.

"எந்த ஊரு?"

"கனாசாவா."

நுமாதா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஹிசாகோ தன் ரப்பர் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூட்ஸ் நுனியில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"இத்தன வருஷத்துல நீங்க எத்தன தடவ லீவு கேட்டிருக்கீங்க?"

"ரெண்டு. பிரசவத்துக்கு ஒண்ணு. கத்தி கையில இறங்கினப்ப ஒண்ணு."

அவர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றி அழுத்திக் குத்தினார். எழுந்து நின்று, முறைப்படி குனிந்து துக்கம் சொன்னார். ஹிசாகோவும் குனிந்துவிட்டு, கால் தரையில் பாவாமல் கதவை நோக்கி நடந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க."

நுமாதா கீழ் இழுப்பறையைத் திறந்து, மடித்து மடித்துத் தேய்ந்துபோன கனாசாவா ஊர் வரைபடத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதில் சிவப்புப் பென்சிலால் வட்டங்கள். ஒரு வெந்நீர்க் குளியல் கூடம், ஆற்றோரத்தில் ஒரு நூடுல்ஸ் கடை, நடுவில் மற்றதைவிடப் பெரிய வட்டமாக ஒரு தோட்டம்.

"அந்தக் கயிறு கட்டின மரத்துக்குக் காலையில எட்டு மணிக்குள்ள போயிடுங்க, அந்த நேரத்துல டிக்கெட் எடுக்க வேண்டியதில்ல," என்றார், கண்ணைத் திரும்பவும் காகிதத்தில் பதித்துக்கொண்டு. "எங்க சித்தப்பா செத்தப்ப நான் அப்படித்தான் பாத்தேன்."