முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர்

முதல் கூண்டில் இருந்த ஆறு எலிகளுக்கும் ரோஹிணி வெறும் தண்ணீரைத்தான் ஊற்றினாள்.

பார்த்துக்கொண்டிருந்த கமலம்மாவுக்கு வயிறு எரிந்தது.

திருப்பதியில் அந்த மருந்தியல் கல்லூரியின் எலி அறையைக் கூட்டித் துடைத்து, எலிகளுக்குத் தீனி வைப்பது கமலம்மாவின் வேலை. எலிகளுக்கு ஊசி போடுவதைப் பார்த்திருக்கிறாள். செத்ததைப் பையில் கட்டி எடுத்துப் போவதையும் பார்த்திருக்கிறாள். படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்கு ஆயிரம் இருக்கும் என்று வாயைத் திறந்ததில்லை.

ஆனால் இது அநியாயம்.

எல்லா எலிக்கும் பாதத்தில் ஊசி போட்டு வீங்க வைக்கிறார்கள். இரண்டாம் கூண்டுக்குக் கடையில் விற்கிற வலி மருந்து. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பிரண்டைச் சாறு. முதல் கூண்டுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. கொடுக்காவிட்டால் கொடுக்காமலே போகட்டும், மருந்து மாதிரியே குழாய் வைத்துத் தண்ணீரை ஊற்றி ஏமாற்றுவது என்ன புத்தி?

போன வாரமும் இதே கூத்துதான். வாயில்லா ஜீவன்கள், வீங்கிய காலைத் தூக்கிக்கொண்டு ராத்திரிவரை நொண்டின.

செய்கிறவள் யாரோ எவளோ இல்லை. கமலம்மாவின் ஊரான நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண், அவளோடு ஒரே ரயிலில் வந்து போகிறவள். பந்தியில் ஒரு வரிசைக்குச் சோறு போட்டு எதிர் வரிசைக்கு வெறும் இலையைக் காட்டினால் நகரியில் சும்மா விடுவார்களா? இலையைத் தூக்கி மூஞ்சியிலேயே அடிப்பார்கள்.

ரோஹிணி சாப்பிடப் போனதும் கமலம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, ஆறு எலிகளின் பாதத்துக்கும் பத்துப் போட்டாள். தன் காலுக்கு மஞ்சள் பூசுவதை அவள் நிறுத்தி இரண்டு பொங்கல் போய்விட்டது.

ஒரு எலி அவள் விரலைக் கடித்தது. கடி, கடிக்காமல் என்ன செய்வாய் என்று சொல்லிக்கொண்டே அடுத்த எலியைப் பிடித்தாள்.

எந்த எலி எது என்று தெரிவதற்காக ரோஹிணி அவற்றின் தலையிலும் முதுகிலும் வைக்கிற அடையாளச் சாயமும் மஞ்சள்தான். அதனால் கண்டுபிடிக்க மாட்டாள் என்று கமலம்மா நினைத்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள். வீக்கத்தை அளக்க முதல் எலியின் பாதத்தைக் கண்ணாடிக் குழாயில் முக்கியதுமே உள்ளே இருந்த தண்ணீர் மஞ்சளாகிப் போனது.

ரோஹிணி கத்தினாள். இத்தனை மாச உழைப்பும் பாழ், புது எலிகளுக்கு மறுபடியும் அனுமதி கேட்டு நிற்க வேண்டும், விஷயம் வெளியே தெரிந்தால் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள்.

அனுப்பட்டும். கமலம்மா தலையைக் குனியவில்லை.

"மத்ததுக்கெல்லாம் மருந்து, இதுங்களுக்கு மட்டும் தண்ணியா? இப்பிடி ஓரவஞ்சன பண்றதுக்கா உங்க நைனா உன்ன இவ்ளோ தூரம் படிக்க வெச்சாரு?"

அப்பாவை இழுத்ததும் ரோஹிணிக்கு முகம் சிவந்தது. குழாயைக் கீழே வைத்தாள். பிறகு பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா, இதுங்க கண்ட்ரோல். மருந்தே குடுக்காம வுட்டா எவ்ளோ மோசமாவுதுன்னு பாக்கத்தான் இதுங்கள வெச்சிக்கினு இருக்கோம். எலிக்கு மட்டும் இல்ல, ஆஸ்பத்திரில மனுசங்களுக்குப் புது மருந்து குடுத்துப் பாக்கறப்பவும் இப்பிடி ஒரு கூட்டம் இருக்கும், அவங்களுக்கு மருந்து இல்லாத வெத்து மாத்திரதான். அவங்களுக்கும் கண்ட்ரோல்னுதான் பேரு."

கமலம்மா அந்தப் பேரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

கண்ட்ரோல், என்றாள் ரோஹிணி.

கமலம்மாவுக்கு உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. இந்தக் கோபம் ரோஹிணி மேல் இல்லை.

செத்துப்போன அவள் புருஷன் நாகபூஷணத்துக்கு நெஞ்சில் தறிப் பஞ்சு சேர்ந்து மூச்சு முட்டியபோது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, புது மருந்தைப் பரிசோதிக்கிற கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மாசாமாசம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் ஃபைலைப் பார்த்து ஒரு ஆள் டாக்டரிடம் தெலுங்கில் சொன்னது, கதவுக்கு வெளியே நின்ற கமலம்மாவின் காதில் விழுந்தது. நாகபூஷணம் கண்ட்ரோலில் இருக்கிறார் என்றான் அவன்.

நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அவள் தெரு முழுக்கச் சொன்னாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

அவள் பேச்சை நம்பி, நாகபூஷணம் மறுநாளே மறுபடியும் தறிக்குப் போனார்.