திரை உடைந்தது தெரிந்த நாள்

"லேப்டாப் எப்போ விழுந்துச்சு மேடம்?" என்று தொலைபேசியில் கேட்டார் காப்பீட்டு அதிகாரி.

"பத்து நாளைக்கு முன்னாடி சார். மேஜையிலேருந்து கை தவறி விழுந்துடுச்சு."

"சேதம் தெரிஞ்ச ஏழு நாளுக்குள்ள சொல்லியிருக்கணுமே?"

"எனக்கு நேத்துதான் சார் தெரிஞ்சுது."

"நடுவுல லேப்டாப்பைத் தொடவே இல்லையா?"

"தினமும் அதுலதான் மொழிபெயர்ப்பு வேலை செய்யறேன்."

பழுது பார்க்கும் கடையிலிருந்து வந்த படம் அதிகாரியின் முன்னால் இருந்தது. திரை நொறுங்கி, முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

"என் காதுல பூ சுத்தறீங்களா மேடம்? இதுல எதைப் பார்த்து வேலை செஞ்சீங்க?"

"பார்க்கலை சார், கேட்டேன். எனக்குக் கண் தெரியாது. எழுத்தையெல்லாம் அதுவே வாசிச்சுச் சொல்லும்."

அதிகாரி கூசிப்போனார். "மன்னிச்சுக்கங்க மேடம். தப்பா நினைக்காதீங்க, அப்போ உங்களுக்குத் திரை எதுக்கு?"

"படங்களை அதுக்குச் சரியா சொல்லத் தெரியாது சார். என் ஆறு வயசுப் பொண்ணு மடியில உட்கார்ந்து பார்த்துச் சொல்லுவா. திரை உடைஞ்சது தெரிஞ்சா நான் வருத்தப்படுவேன்னு, இத்தனை நாளா மனசுக்குத் தோணின படத்தையெல்லாம் சொல்லியிருக்கா. நேத்து தாங்க முடியாம அழுதுட்டா."

'சேதம் தெரிந்த தேதி' என்ற இடத்தில் முந்தைய நாளின் தேதியை எழுதினார் அதிகாரி.

"ஒரு வாரத்துல புதுத் திரை மாட்டிடுவாங்க மேடம்."

"அவசரமில்லை சார். அவ சொன்ன படங்களும் நல்லாத்தான் இருந்துச்சு."