வெள்ளைச் சட்டை

“கம்ப்யூட்டருக்குள்ள ராம் மெமரிய மட்டும் மாத்துனா இன்னும் ஒரு வருசம் இழுக்கும் அண்ணாச்சி. புதுசு வாங்குனா பத்து வருசத்துக்குக் கவலையில்ல. எது செய்யட்டும்?” என்றார் கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வந்த ஜெபராஜ். “மொதல்ல எங்க சுணங்குதுன்னு பாருங்க,” என்றார் சங்கரபாண்டி. ஊரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் எல்லாம் அவர் கடையில்தான் தயாராகின்றன. செத்தவரின் நல்ல படம் எந்த வீட்டிலும் இருப்பதில்லை. கல்யாணக் கூட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் முகத்தை வெட்டியெடுத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்த ஓர் உடம்பின்மேல் ஒட்டுவார். பதினான்கு வருடமாக ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அந்த ஒரே சட்டையில்தான் போனார்கள். எங்கே சுணங்குகிறது என்று பார்க்க ஜெபராஜ் அந்தப் படத்தைத் திறந்தார். கீழிருந்து மேலாக, தலையில்லாத உடம்பு மெதுவாகத் திரையில் ஏறியது.

“இது யாரு அண்ணாச்சி?”

“நான்தான். கடை தொறந்த அன்னைக்கு எடுத்தது.”

ஜெபராஜ் திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவரின் சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது. மவுசுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஸ்கேன் உறை பிரிந்து கிடந்தது.

“ராமே போதும்,” என்றார் சங்கரபாண்டி. “அதுக்கு முன்னால உங்க போன்ல என்னைய ஒரு போட்டோ எடுங்க.”

வந்த படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, அவரே அந்த உடம்பின்மேல் வைத்தார். பொருந்தவில்லை. எல்லோருக்கும் செய்வதுபோல, கழுத்தை இழுத்துத் தடிப்பாக்க ஆரம்பித்தார்.