பின்பக்கத்து ஸ்பீக்கர்

“கரிஞ்ச சுவர் வர்ற இடத்துல ஒரு பொம்பள குரல் வருதே, அதை எடுத்துடு. மத்ததெல்லாம் பிரமாதம்.”

ஃபோனில் பேசியவர் தையல் கம்பெனி முதலாளி.

“சரிங்க சார்” என்றார் சவுண்டுக்காரர். மறுபேச்சே இல்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி அப்போது அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அதே கம்பெனியில் தையல்காரி; அவர் ‘தங்கச்சி’ என்று கூப்பிடுகிறவள்.

தீ விபத்து நடந்து ஒரு வருஷம். கம்பெனி எடுத்த நினைவுப் படத்தில் அவள் பேசியிருந்தது ஒரே ஒரு வரி. “கதவை வெளிய பூட்டியிருந்தாங்க.” உள்ளே மாட்டிக்கொண்டவள் அவளுடைய தங்கை.

“விசாரணையில இதைச் சொன்னேன், யாரும் எழுதிக்கல. இதுலயாவது இருக்கும்னு நம்பினேன். நீங்களும் பூட்டுறீங்களா அண்ணே?”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அதில் அவள் குரல் மேடும் பள்ளமுமாக இரண்டு கோடாக ஓடியது. இடதுபக்க ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வலதுபக்கக் கோட்டை மட்டும் தலைகீழாகக் கவிழ்த்தார்.

“நல்லா குப்புறப் போடுங்க! மூச்சுவிடக் கூடாது பாருங்க!” என்றாள் அவள்.

மேஜைமேலிருந்த ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக்காட்டினார். கரிந்த சுவர் வந்தது. இசை வந்தது. அவள் குரல் மட்டும் வரவில்லை.

படம் முதலாளியின் ஃபோனுக்குப் போனது. மூன்று தடவை கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். “சுத்தமா போயிடுச்சு! கெட்டிக்காரன்யா நீ!”

“இனிமே என்னைத் தங்கச்சினு கூப்பிட்டீங்க, மரியாதை கெட்டுடும்” என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

அவரோ சாவகாசமாக, படம் போடப்போகிற தியேட்டர்காரருக்கு ஃபோன் போட்டு, “பின்பக்கத்து ஸ்பீக்கரெல்லாம் வேலை செய்யுதா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

‘ரொம்ப முக்கியம்!’ என்று முணுமுணுத்தபடி படியிறங்கினாள்.

படம் போட்ட அன்று தியேட்டரில் முன்வரிசை விசாரணை அதிகாரிகளுக்கு. கடைசி வரிசை தொழிலாளிகளுக்கு. திரையில் தங்கையின் போட்டோ வரும் என்பதற்காக மட்டும் அவள் வந்திருந்தாள்.

கரிந்த சுவர் வந்தது.

“கதவை வெளிய பூட்டியிருந்தாங்க.”

திரைப் பக்கமிருந்து இல்லை. எல்லார் முதுகுக்கும் பின்னாலிருந்து.

முன்வரிசை மொத்தமும் திரும்பியது. முதலாளி துள்ளி எழுந்தார். “யாரது, பின்னாடி பேசினது?”

தையல்காரிக்கு அரை நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எழுந்து நின்றாள்.

“நான்தான். இன்னொரு தடவை சொல்லட்டுமா?”

ஓர் அதிகாரி பேனாவைத் திறந்தார்.

முதலாளி சவுண்டுக்காரரிடம் பாய்ந்தார். “எடுத்துட்டேன்னியே! ஃபோன்ல நானே கேட்டேனே!”

“உங்க ஃபோன்ல ஒரே ஸ்பீக்கர் சார். நேரா ஒண்ணும் தலைகீழா ஒண்ணும் அதுல மோதிக் காணாம போயிடும். இந்தத் தியேட்டர்ல இருக்கிற சவுண்டுப் பெட்டி, இடதும் வலதும் எங்க முட்டிக்குதுன்னு பார்த்து அதை மட்டும் பிரிச்சுப் பின்னாடி அனுப்பும்.”

“எடுக்கச் சொன்னேனே!”

“எடுத்தேனே சார். உங்க பக்கத்துலேர்ந்து எடுத்து, அவங்க பக்கத்துல வச்சேன்.”