பானெட்டில் தெரிந்தவர்

காலையிலிருந்து கணவர் காரோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். பாலிஷ் மெஷின் இரைச்சலில் அவளுக்குத் தலை வெடித்தது. சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஒருவழியாக மெஷினை அணைத்துவிட்டு, "பூச்சு காயணும், தொட்டுடாத" என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவ உள்ளே போனார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவள் வயரைச் சுருட்டக் குனிந்தாள். கண்ணாடியாய் மின்னிய பானெட்டுக்குள் அவர் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தாள், பக்கத்தில் யாரும் இல்லை. பயத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டது.

"போதும்னு எத்தன தடவ சொல்றது? சோறு ஆறிப்போகுது, வந்து உக்காருங்க!"

பானெட்டுக்குள் இருந்தவர் மறுபேச்சில்லாமல் மெஷினைக் கீழே வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்து, விளிம்பைத் தாண்டி மறைந்தார்.

உள்ளே, சாப்பாட்டு மேஜையருகே ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. உடனே இன்னொன்று.