பேக்கிங் சரியில்லை

"பேக்கிங் சரியில்லைம்மா. எங்க மேல ஒரு குத்தமும் இல்லை" என்றார் கிளெய்ம் ஆபீசர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரிக்கு முகம் சிவந்தது. ரசீது எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

விஷயம் ஒரு ஹெட்லைட். உற்பத்தியே நின்றுபோன பழைய காருடையது. நாய் படாத பாடு பட்டுத் தேடிப் பிடித்து, வெளியூர் மெக்கானிக் ஒருவருக்கு இந்தப் பார்சல் கம்பெனி மூலம் அனுப்பியிருந்தாள். புறப்படும்போது ஹெட்லைட்டாக இருந்தது, போய்ச் சேரும்போது கிலுகிலுப்பையாகியிருந்தது. மெக்கானிக் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, பிரிக்காமலே, தனக்குத் தெரிந்த டிரைவரிடம் கொடுத்துக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டினதில் கோளாறு என்றால் இனிமேல் வேறு கடையைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அவர் போனால் பாதி வியாபாரம் போச்சு.

கம்பெனி விதிப்படி உடைந்த சரக்கை அவர்கள் வண்டியே வந்து எடுத்துப் போகும். நிபுணர் குழு ஒன்று பெட்டியைத் திறந்து பார்த்து, தப்பு யார் மேல் என்று சொல்லும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"சரியில்லைன்னு யாரு சொன்னது?"

"எங்க நிபுணர் குழு." அந்த வார்த்தைக்கு மரியாதையாக ஆபீசர் லேசாக எழுந்து உட்கார்ந்தார். மேஜை மேல் 'முதுநிலை இழப்பீட்டுக் கோரிக்கைத் தீர்வு அலுவலர்' என்று பலகை. அதை வைத்த பிறகு மேஜையில் தண்ணீர் டம்ளருக்கு இடமில்லை. டம்ளர் ஜன்னலில் இருந்தது. தலைக்கு மேலே சுவரில், 'உங்கள் பொருள் எங்கள் குழந்தை' என்று கம்பெனி வாசகம். அந்தக் குழந்தைகளை இவர்கள் லாரியிலிருந்து தூக்கிப் போட்டுப் பந்து விளையாடுகிற லட்சணத்தை அவள் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அது கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்டியைக் கட்டினது அவள் புருஷன். மார்க்கெட்டில் அவருக்குத் தொட்டில்காரர் என்றே பேர். கண்ணாடிச் சாமானைப் பபிள் ஷீட்டில் சுற்றி, தெர்மாகோலில் அதன் அளவுக்குப் பள்ளம் வெட்டிப் படுக்கவைத்து, தாலாட்டுப் பாடாத குறையாக மூடுவார். பெற்ற பிள்ளையைக்கூட இந்த மனுஷன் இப்படித் தூக்கினதில்லை என்று அவளே எத்தனையோ முறை குத்திக் காட்டியிருக்கிறாள். அவரைப் போய் இந்த ஆள் சொல்வதா?

"எங்க வீட்டுக்காரர் கட்டினா எப்படி இருக்கும்னு மார்க்கெட்ல யாரை வேணா கேளுங்க சார்."

"மார்க்கெட் சொல்றது வேற, விஞ்ஞானம் சொல்றது வேற."

"நீங்களே பெட்டியைப் பார்த்தீங்களா?"

ஆபீசருக்கு அது மானத்தில் கை வைத்த கேள்வியாகப் பட்டது. தான் பார்க்காமல் இந்தக் கட்டடத்தில் ஒரு குண்டூசி நகராது என்றார். மூன்று நிபுணர்கள் கையுறை போட்டுக்கொண்டு, அவர் முன்னிலையில்தான் பெட்டியைத் திறந்தார்களாம். உள்ளே பபிள் ஷீட் ஒரே சுற்றாம். தெர்மாகோல் பேருக்கு ஒரு துண்டாம். விளக்குக்கும் அட்டைக்கும் நடுவே ஆள் படுத்துத் தூங்கலாமாம்.

"காத்தடிச்சாலே உடைஞ்சிருக்கும்மா. நாங்க பத்திரமா கொண்டு போனதாலதான் இந்த அளவுக்காவது மிஞ்சிச்சு."

"அப்ப நீங்க இவருக்கு நன்றி சொல்லிட்டுப் போகணும் போலிருக்கே" என்றார் பின்னால் வரிசையில் நின்ற பெரியவர். அவர் கையில் ஒரு காரின் சைடு மிரர். ஆபீசர் முறைத்ததும் அதில் முகம் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். விரிசல் விட்ட கண்ணாடியில் அவர் முகம் நாலாகத் தெரிந்தது.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. பேரம் பேசிப் பழகினவள். எதிராளியைப் பேச விட்டால்தான் விலை இறங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"கண்ணாடி, கவனம்னு ஸ்டிக்கராவது இருந்துச்சா சார்?"

"இல்லவே இல்லை."

"டேப்பு?"

"பாதி பிரிஞ்சு தொங்கிச்சு. அதைக் கண்டுபிடிச்சதே நான்தான்." ஆபீசர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வீட்டில் உட்கார்ந்து அரைகுறையாகக் கட்டிவிட்டுப் பழியைக் கம்பெனி தலையில் போடுவதே இந்தக் கடைக்காரர்களுக்கு வேலையாகப் போய்விட்டது என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு பெருந்தன்மையோடு ஒரு யோசனையும் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரரை நாலு நாள் இங்க அனுப்புங்க. பெட்டி கட்டறது எப்படின்னு எங்க பசங்க சொல்லித் தருவாங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார் ஆபீசர், அடுத்த ஆளைக் கை காட்டி அழைத்தபடி.

"நான் கேக்க வந்ததே ஒண்ணுதான் சார். அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போக உங்க வண்டி இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு சொல்றீங்களே தவிர, இதுவரைக்கும் யாரும் வரலை. ஒட்டின டேப் ஒட்டினபடி எங்க கடையிலதான் இருக்கு. எப்ப வந்து எடுப்பீங்க?"