இருபது தூண்டில்கள்

அது ஞாயிற்றுக்கிழமைதானா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. என் கணவர் சேந்தன் சரியாகத் தூங்கி மூன்று வாரமாகியிருந்தது. கண்ணை மூடினால், கம்ப்யூட்டர் விளையாட்டில் அவர் கட்டிய தொழிற்சாலையின் கன்வேயர் பெல்ட்டுகள் உள்ளே ஓடுகின்றன என்றார். என் விளையாட்டில் ஒரு தீவு மட்டும்தான். அன்று மதியம் அதை அவரிடம் கொடுத்தேன். தீவுக்குள் போனதும் மரம் வெட்டி, இருபது தூண்டில்கள் செய்து கரையில் வரிசையாக நட்டார்.

“ஊருக்கே விருந்தாங்க?”

“ஒண்ண வச்சு எத்தன மீன் வரும்?”

“ஒண்ணு வரும். பசிச்சா இன்னொண்ணு.”

“அதுவரைக்கும் என்ன பண்றது?”

“கடலப் பாருங்க.”

பார்த்தார். சற்று நேரத்தில் நாற்காலியிலிருந்து குறட்டை கேட்டது. திரையில் தீவிலிருந்த அவருடைய ஆளுக்கு நான் மீன் சுட்டுக் கொடுத்தேன். தொழிற்சாலை அத்துடன் நின்றுபோனது. இப்போதெல்லாம் அவர் தூங்குகிறார். எனக்கும் தூக்கம் வருகிறது.